பதினேழாம் நாள் வந்த கடிதம்

குழந்தைகள் நலச் சட்டங்களின் வரலாறு என்று சமூகப்பணி முதுகலையில் ஒரு தாள். பதினோரு ஆண்டுகளாக அதை நான் நடத்துகிறேன். அதில் ஒரு வகுப்பை மட்டும் எந்தக் குறிப்பும் இல்லாமல் எடுப்பேன். 1945 ஜனவரி. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் மலைச்சரிவில் ஒரு பண்ணை. வளர்ப்புப் பெற்றோரிடம் விடப்பட்டிருந்த டென்னிஸ் ஓ'நீல் என்ற 12 வயதுச் சிறுவன் அடியாலும் பட்டினியாலும் இறந்துபோகிறான். நாடு கொதிக்கிறது. அதனால் அரசு டேம் மைரா கர்ட்டிஸ் தலைமையில் ஒரு குழுவைப் போடுகிறது. குழுவின் அறிக்கையிலிருந்து 1948-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் பிறக்கிறது. சொல்லி முடிக்கும்போது வகுப்பு அசையாது. அந்த அமைதியை நான் கொஞ்சம் ரசித்தும் இருக்கிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மாணவி அந்த அமைதியைக் கலைத்தாள். "மேம், அந்தப் பையன் செத்தது வளர்ப்பு வீட்டில். அதற்காகப் போட்ட குழு, குழந்தைகளை விடுதியில் வைக்காதீர்கள், வளர்ப்பு வீட்டுக்கே அனுப்புங்கள் என்று எப்படிச் சொன்னது?"

ஏதோ பதில் சொன்னேன். ஒரு கெட்ட குடும்பத்தை வைத்து எல்லாக் குடும்பத்தையும் எடைபோட முடியாது என்கிற மாதிரி. அவள் எழுதிக்கொண்டாள். எனக்குத்தான் அது செரிக்கவில்லை. பாலம் இடிந்து ஒருவர் செத்ததற்காக அமைத்த குழு, படகை விட்டுவிட்டு எல்லாரும் பாலத்திலேயே போங்கள் என்று பரிந்துரைக்குமா?

முதலில் கர்ட்டிஸ் அறிக்கையையே எடுத்தேன். மேற்கோள்களில் பார்த்திருக்கிறேனே தவிர, அதுவரை முழுதாகப் படித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த என் பழைய மாணவர் ஒருவர் நூலகத்திலிருந்து பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பினார். நாடாளுமன்றத் தாள் எண் 6922, 1946 செப்டம்பர். பாதிப் பக்கங்களில் அவர் கட்டைவிரல் தெரிந்தது.

படிக்கப் படிக்க, டென்னிஸைத் தேட வேண்டியிருந்தது. அவன் நிழல் இருக்கிறது. ஆனால் அறிக்கையின் கண் வேறெங்கோ நிற்கிறது. குழு உறுப்பினர்கள் நாடு முழுக்கச் சுற்றி இல்லங்களுக்குள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். பழைய ஏழைச் சட்டம் விட்டுச்சென்ற விடுதிகளில், நல்ல உடல்நிலையில் இருக்கும் சின்னஞ்சிறு பிள்ளைகள் நோயாளிகளோடும் புத்தி தடுமாறிய முதியவர்களோடும் ஒரே கூரையின் கீழ். தனக்கென்று ஒரு பொம்மை இல்லாத, ஒரு துணி இல்லாத, அதை வைத்துக்கொள்ள ஓர் இழுப்பறை இல்லாத பிள்ளைகள். புதியவர் யார் வந்தாலும் ஓடிவந்து கையைப் பிடித்துத் தொங்கும் பிள்ளைகள். எங்களூர் இல்லங்களுக்குப் பார்வையிடப் போகும் மாணவர்கள் இந்தக் கடைசிக் காட்சியைத்தான் 'எவ்வளவு பாசமான குழந்தைகள்' என்று அறிக்கையில் எழுதிக்கொண்டு வருவார்கள். கர்ட்டிஸ் குழு அதை நோயின் அறிகுறியாக எழுதியிருந்தது.

கொடுமை பரவலாகக் கண்ணில் பட்டது என்று குழு சொல்லவில்லை. தன்னை ஒருத்தி தனியாகக் கவனிக்கிறாள், தன் பெயரும் தன் பல்வலியும் அவளுக்குத் தெரியும் என்கிற உணர்வு அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை என்பதே அதன் குற்றச்சாட்டு. அறிக்கை சொன்ன மருந்தும் இதையொட்டியே இருந்தது: முடிந்தால் தத்து, இல்லையென்றால் வளர்ப்புக் குடும்பம், அதுவும் அமையாவிட்டால் எட்டு முதல் பன்னிரண்டு பிள்ளைகள் மட்டும் இருக்கும் சிறு இல்லம். ஒவ்வோர் உள்ளாட்சியிலும் குழந்தைகளுக்கென்றே ஓர் அதிகாரி. அந்த அதிகாரியை அறிக்கை முழுக்க 'அவள்' என்றே குறிக்கிறது. ஆண்களை விலக்குவதற்காக அல்ல, இந்த வேலைக்குப் பொருந்துகிறவர்களில் பெரும்பாலோர் பெண்களாகவே இருக்கக்கூடும் என்று ஒரு விளக்கமும் உண்டு. 1946-இல் ஓர் அரசு அறிக்கையில்!

ஆக, மாணவியின் சந்தேகம் வலுத்தது. இது வளர்ப்பு வீட்டில் நடந்த சாவிலிருந்து கிளம்பிய அறிக்கை மாதிரி இல்லை. பெரிய இல்லங்களைக் கண்டு பதறிய யாரோ தொடங்கிவைத்த அறிக்கை மாதிரி இருந்தது.

டென்னிஸுக்காக நடந்த விசாரணை தனி. அதை நடத்தியவர் சர் வால்டர் மாங்க்டன். எட்டாம் எட்வர்ட் முடிதுறந்தபோது அவருக்குச் சட்ட ஆலோசனை சொன்ன அதே வழக்கறிஞர். அறிக்கை 1945 மே மாதம் வந்தது. தாள் எண் 6636. சிறியது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்து ஒரே மூச்சில் படித்தேன். அப்படிப் படித்திருக்கக் கூடாது.

வேல்ஸின் நியூபோர்ட் நகராட்சி, நீதிமன்ற ஆணைப்படி தன் பொறுப்புக்கு வந்த டென்னிஸை 1944 ஜூன் 28 அன்று பேங்க் பண்ணையில் விட்டது. சில நாளில் அவன் தம்பி டெரன்ஸும் அங்கே வந்துசேர்ந்தான். பண்ணை இருந்த இடம் ஷ்ராப்ஷயர் மாவட்ட நிர்வாகத்தின் எல்லை. பிள்ளைகளை அனுப்பியது ஓர் அலுவலகம், அவர்கள் வாழ்ந்தது இன்னோர் அலுவலகத்தின் எல்லையில். யார் போய்ப் பார்ப்பது என்று ஒருவரை ஒருவர் நம்பியிருந்தார்கள். வளர்ப்பு வீட்டுக்குப் போகும் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, அடிக்கடி நேரில் பார்வை என்றெல்லாம் 1933-ஆம் ஆண்டு விதிகளே இருந்தன. ஏட்டுச் சுரைக்காய். டிசம்பர் 20 அன்று நியூபோர்ட்டிலிருந்து ஒரு பெண் ஊழியர் பண்ணைக்குப் போனார். டென்னிஸ் பயந்து, நலிந்து இருப்பதைக் கண்டார். மருத்துவரிடம் காட்ட வேண்டும், அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வந்தது. 1945 ஜனவரி 9 அன்று டென்னிஸ் இறந்தான்.

மார்ச் மாதம் ஸ்டாஃபோர்டில் வழக்கு. பண்ணைக்காரருக்குக் கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்ததற்காக ஆறாண்டு, மனைவிக்குப் புறக்கணிப்புக்காக ஆறு மாதம்.

மாங்க்டனின் விரல் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாட்டை நோக்கி நீளவில்லை. பொறுப்பு இரண்டாகப் பிளந்துகிடந்ததை நோக்கியே நீண்டது. மாணவிக்குச் சொல்ல அரை பதில் கிடைத்துவிட்டது என்று அன்று படுக்கப் போனேன். தூக்கம் வராமல் ஒரு தேதி உறுத்தியது. கர்ட்டிஸ் குழு நியமிக்கப்பட்டதும் 1945 மார்ச். வழக்கு நடந்ததும் அதே மார்ச். விசாரணைக் குழு ஒன்று அமைய, உள்துறை, சுகாதாரம், கல்வி என்று மூன்று அமைச்சர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். உறுப்பினர்களைத் தேட வேண்டும். ஆய்வு வரம்பை எழுத வேண்டும். போர் நடந்துகொண்டிருக்கிறது. எந்த அரசு இரண்டே மாதத்தில் இதையெல்லாம் முடித்திருக்கிறது?

பிரிட்டிஷ் நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பான ஹான்சார்ட் இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. காலையில் 1945 மார்ச்சிலிருந்து பின்னோக்கி நடந்தேன். பிப்ரவரி, ஜனவரி. டென்னிஸின் சாவையும் தாண்டிப் பின்னால் போனேன். 1944 டிசம்பர் முதல் வாரத்தில் அது இருந்தது. உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன், பெற்றோரோடு வாழ வாய்ப்பில்லாத குழந்தைகளின் பராமரிப்பு பற்றி விசாரணைக் குழு அமைக்கப்படும் என்று அவையில் அறிவித்திருக்கிறார்.

அப்போது டென்னிஸ் உயிரோடு இருந்தான்.

பதினோரு ஆண்டுகளாக நான் சொல்லிவந்த கதையில் 'அதனால்' என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல் பொய். சட்ட வரலாற்றாசிரியர்கள் சிலர் இதை முன்பே கவனித்து எழுதியிருப்பதும் பிறகு தெரியவந்தது. பாடப்புத்தகங்களுக்கு அது வந்துசேரவில்லை. எனக்கும்தான்.

யார் கேட்டு மாரிசன் அறிவித்தார்? அந்தக் கேள்வி என்னை 'தி டைம்ஸ்' நாளிதழின் 1944 ஜூலை 15 இதழுக்குக் கொண்டுபோனது. ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதி. எழுதியவர் ஹர்ட்வுட் ஆலன் சீமாட்டி, மார்ஜரி ஆலன். தொழிலில் அவர் தோட்டங்களை வடிவமைக்கும் நிலத்தோற்றக் கலைஞர். கணவர் கிளிஃபோர்ட் ஆலன் முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்றவர், 1939-இல் காலமானார். போர்க்காலத்தில் மழலையர் பள்ளிச் சங்கத்தின் தலைவராக இருந்த மார்ஜரி, அந்த வேலையின் போக்கில் குழந்தைகள் இல்லங்களுக்குள் எட்டிப் பார்த்தார்.

கடிதம் சின்னது. போருக்குப் பிந்தைய நாட்டைக் கட்டுவது பற்றி எல்லாரும் பேசுகிறோம், வீடில்லாத குழந்தைகளை மட்டும் மறந்துவிட்டோம் என்று தொடங்கும் தொனி. அரசுத் துறைகளின் கீழும் தர்ம ஸ்தாபனங்களின் கீழும் பிள்ளைகள் அடக்குமுறையில் வளர்கிறார்கள், ஊழியர்களுக்குச் சம்பளம் போதாது, வேலையோ அதிகம், மேற்பார்வை பெயரளவில், பொறுப்பு பல துறைகளுக்குள் சிதறிக் கிடக்கிறது, பகிரங்க விசாரணை வேண்டும். மாங்க்டன் பத்து மாதம் கழித்து ஒரு பிணத்தை முன்வைத்து எழுதப்போகிற 'சிதறிய பொறுப்பு', இங்கே ஒரு தோட்டக் கலைஞரின் கடிதத்தில் ஏற்கெனவே இருந்தது.

நார்மண்டியில் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள். லண்டன் மேல் பறக்கும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் இந்தக் கடிதத்துக்கு வாரக்கணக்கில் மறுமொழிகள் வந்தன. பெர்னார்ட் ஷா எழுதினார். குழந்தை உளவியலாளர் சூசன் ஐசக்ஸ் எழுதினார். இவற்றைவிட, அச்சேறாமல் நேரே ஆலன் அம்மையாருக்கு வந்த கடிதங்கள்தான் என்னை நிறுத்தின. எழுதியவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே இல்லங்களில் வளர்ந்தவர்கள். அங்கே வேலை செய்து மனம் கசந்தவர்களும் உண்டு. அவற்றைத் தொகுத்து 1945-இல் 'யார் பிள்ளைகள்?' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அந்தப் பெயர் தெரியாத பெரியவர்கள்தான் குழுவை வரவைத்தவர்கள். செத்தவனைப் பற்றி நாம் பேசுகிறோம். தப்பிப் பிழைத்துத் தபால் தலை ஒட்டியவர்களை மறந்துவிட்டோம்.

புதிர் இத்துடன் அவிழ்ந்தது. குழு கிளம்பியது இல்லங்களின் மீதான புகாரிலிருந்து. அதனால்தான் (இந்த 'அதனால்' சரியானது) அது குடும்பத்தை நோக்கிச் சாய்ந்தது. டென்னிஸின் சாவு வழியில் வந்து சேர்ந்தது. குழுவுக்கு அவசரம் கூட்டியது, திசையைத் தரவில்லை.

நான் இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் குழுவிடம் சாட்சியம் சொன்னவர்களில் இரண்டு பெயர்கள் என்னை இழுத்தன: டாக்டர் டொனால்ட் வின்னிகாட், செல்வி கிளேர் பிரிட்டன். குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட்டின் பெயரை உளவியல் படித்த எவரும் அறிவர். பின்னாளில் அவர் மனைவியான கிளேரை எங்கள் துறைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் இருவரும் போர்க்காலத்தில் செய்த வேலை, 'வளர்ப்பு வீடா, விடுதியா' என்ற கேள்வியையே குழப்பிவிடுகிறது.

1939 செப்டம்பர் 1 தொடங்கி மூன்றே நாளில் ஏறத்தாழ 15 லட்சம் பேரை பிரிட்டன் நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பியது. பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்; கழுத்தில் பெயர்ச் சீட்டு, தோளில் நச்சுப்புகை முகமூடிப் பெட்டி. குண்டுக்குப் பயந்து செய்த காரியம். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் வின்னிகாட், ஜான் போல்பி, இமானுவேல் மில்லர் மூவரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள்: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து நெடுநாள் பிரிப்பது வெறும் அழுகையோடு முடியாது, பின்னாளில் பெரிய மனக்கோளாறாகலாம். இந்த வேட்டை முழுக்கக் கடிதங்களால் ஆனது என்று அப்போதுதான் உறைத்தது.

பெரும்பாலான பிள்ளைகள் புது வீடுகளில் எப்படியோ ஒட்டிக்கொண்டார்கள். சிலரால் முடியவில்லை. தினமும் படுக்கையை நனைத்தார்கள், திருடினார்கள், தீ வைத்தார்கள், ஓடிப்போனார்கள். ஒரு வீடு திருப்பியனுப்பும், அடுத்த வீடு ஏற்கும், அதுவும் திருப்பியனுப்பும். எந்த வீடும் தாங்காத இவர்களுக்காக ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஐந்து விடுதிகள் திறந்தார்கள். கவனியுங்கள்: இந்தப் பிள்ளைகள் விடுதிக்கு வந்ததே வளர்ப்பு வீடுகள் தோற்ற பிறகு. லண்டனிலிருந்து வாரம் ஒருமுறை வின்னிகாட் வந்தார். மற்ற நாட்களில் விடுதி விடுதியாகப் போய், பிள்ளைகளையும் ஊழியர்களையும் பெற்றோரையும் ஒரே நூலில் கோத்து வைத்திருந்தவர் மனநலச் சமூகப்பணியாளரான கிளேர்.

அங்கே அவர்கள் கண்டதை வின்னிகாட் பிற்காலத்தில் விளக்கினார். புதிதாக வரும் பிள்ளை முதலில் சில நாள் தங்கமாக இருப்பான். ஏமாந்துவிடக் கூடாது, கனவில் கண்ட நல்ல வீடு இதுதான் என்று அவன் நம்பும் காலம் அது. பிறகு சோதனை தொடங்கும். ஜன்னலை உடைப்பான், சமையல்காரியைத் திட்டுவான், சாமான்களைத் திருடுவான். இந்தச் சுவர் நான் இடித்தாலும் நிற்குமா, இவர்கள் என்னை வெளியே தள்ளுவார்களா என்று பார்க்கிறான். அந்தத் திருட்டிலும் உடைப்பிலும் வின்னிகாட் நம்பிக்கையைப் பார்த்தார்: இழந்தது ஒன்று உண்டு, அதை யாரிடமோ கேட்டு வாங்கலாம் என்று இன்னும் நம்பும் பிள்ளைதான் தொல்லை கொடுக்கும். எதுவும் கேட்காமல் அடங்கிவிட்ட பிள்ளைதான் அவரைக் கவலைப்படுத்தியது. வளர்ப்புக் குடும்பங்கள் தோற்கும் இடம் இந்தச் சோதனைக் கட்டம். அன்பாக ஏற்றுக்கொண்ட பிள்ளை ஏன் இப்படிச் செய்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

அப்படியொரு விடுதியிலிருந்து ஓடிய ஒன்பது வயதுப் பையனை வின்னிகாட் தம்பதி (அது அவரது முதல் மணம்) தங்கள் வீட்டிலேயே மூன்று மாதம் வைத்திருந்தார்கள். அது நரகமாக இருந்தது என்று அவர் மறைக்கவில்லை. வெறி பிடித்தால் பையனைத் தூக்கி வாசலுக்கு வெளியே விட்டுவிடுவார், அடிப்பதில்லை. வெளியே ஒரு மணி இருந்தது. அமைதியானதும் அவன் அதை அடித்தால் கதவு திறக்கும், நடந்ததைப் பற்றி ஒரு பேச்சு இருக்காது. ஆனால் ஒவ்வொரு முறை வெளியே விடும்போதும், நீ செய்தது என்னை உன்மேல் வெறுப்புக்கொள்ள வைக்கிறது என்று அவனிடமே சொல்லிவிடுவார். 1949-இல் அச்சான கட்டுரையில் இதை எழுதியிருக்கிறார். அந்த வெறுப்பை வாய்விட்டுச் சொல்ல முடிந்ததால்தான் கையை ஓங்காமல் இருக்க முடிந்தது என்பது அவர் கணக்கு. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் நெளிவார்கள். பண்ணைக்காரரைப் பற்றிச் சொன்னால் நெளிவதில்லை, கோபப்படுவார்கள். அது எளிது.

1970 அக்டோபரில், சாவதற்கு மூன்று மாதம் முன்பு, ஓர் உரையில் வின்னிகாட் அந்த விடுதிகளுக்குத் திரும்பினார். தன் மேதாவி விளக்கங்களைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை என்பதைச் சீக்கிரமே உணர்ந்ததாகச் சொல்லிச் சிரித்தார். குணப்படுத்தியது கட்டடத்தின் சுவரும் கூரையும், சமையல்காரி, வேளை தவறாமல் வந்த சோறு, குளிருக்குப் போதுமான போர்வை.

போர் முடிந்ததும் அந்த விடுதிகள் மூடப்பட்டன. ஆனால் அந்த அறிவு சிதறி எங்கெங்கோ முளைத்தது. கிளேர் 1947-இல் லண்டன் பொருளியல் பள்ளியில், குழந்தைகள் நல ஊழியர்களைத் தயாரிக்கும் படிப்பை நடத்தத் தொடங்கினார். 1948-இல் பார்பரா டாக்கர்-டிரைஸ்டேல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரிலேயே, மனக்காயம் பட்ட பிள்ளைகள் தங்கிச் சிகிச்சை பெறும் மல்பெரி புஷ் பள்ளியைத் தொடங்கினார், இன்றும் நடக்கிறது. 1948 ஜூன் 30 அன்று அரச ஒப்புதல் பெற்று ஜூலை 5 அன்று, தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய அதே நாளில், நடைமுறைக்கு வந்த குழந்தைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு வளர்ப்புக் குடும்பத்தைத்தான் முதலில் சொன்னது. அது சாத்தியமில்லை அல்லது 'இப்போதைக்கு' உகந்ததல்ல என்றால் இல்லம். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அந்த ஐந்து விடுதிகளுக்கும் அவசியமாயிருந்த இடம், சட்டத்தில் அந்த ஒரு சொல்லின் அகலம்.

பழைய கதை ஏன் இவ்வளவு வலுவாக நிற்கிறது என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பக்கத் தகவல் உதவலாம். 1947 மே மாதம், ராணி மேரியின் 80-ஆம் பிறந்தநாளுக்காக பிபிசி வானொலியில் அகதா கிறிஸ்டி எழுதிய குறுநாடகம் ஒலிபரப்பானது. ஒரு பண்ணையில் கொடுமைப்பட்டு இறந்த வளர்ப்புப் பிள்ளை, அதற்கான பழிவாங்கல். ஓ'நீல் வழக்குதான் அதன் வித்து என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதை விரித்து எழுதிய 'மவுஸ்டிராப்' 1952 நவம்பரில் லண்டனில் மேடையேறியது. 2020-இல் கொரோனா மூடும்வரை நிற்கவே இல்லை. கொலைகாரன் உண்டு, பழி உண்டு, திரை விழும். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே தொலைந்த ஒரு கோப்பை வைத்து யார் நாடகம் எழுதுவார்கள்?

இந்த ஆண்டு அந்த வகுப்பில் கதை சொல்லவில்லை. கரும்பலகையில் ஐந்து தேதிகளை எழுதினேன். 1944 ஜூன் 28: டென்னிஸ் பண்ணைக்கு வருகிறான். ஜூலை 15: பதினேழாம் நாள், ஆலன் அம்மையாரின் கடிதம் அச்சாகிறது. டிசம்பர் முதல் வாரம்: விசாரணைக் குழு வரும் என்று அமைச்சர் அறிவிக்கிறார். டிசம்பர் 20: ஒரு பெண் ஊழியர் பண்ணைக்குப் போய்ப் பார்த்து, பையனை எடுத்துவிடச் சொல்லி எழுதுகிறார். ஐந்தாவது, ஜனவரி 9.

நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே எத்தனை நாள் என்று ஒருவன் கேட்டான். இருபது என்றேன்.